கிட்ஹப்பில் கட்டம் பச்சையாக இருந்தால் வேலை கிடைக்குமா?

மெட்டுக்குளம்

வணக்கம். ஓஎம்ஆரில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் ஆறேழு வருஷமாக இருக்கிறேன். ஜாவா சப்போர்ட்டில் ஆரம்பித்து, இப்போது ஒரு ஜெர்மன் இயந்திரக் கம்பெனியின் க்யூபர்னெட்டிஸ் (நிறைய சர்வர்களில் ஆப்களை ஓட்டும் மென்பொருள்) கிளஸ்டர்களைப் பார்த்துக்கொள்ளும் டீமில் வேலை. வேலை பிடித்திருக்கிறது, சம்பளம்தான் பிடிக்கவில்லை. புராடக்ட் கம்பெனிக்கு மாறலாம் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

சமீபத்தில் ஒரு இன்டர்வியூவில் "ஓப்பன் சோர்ஸ் பக்கம் ஏதாவது செய்திருக்கிறீர்களா?" என்றார்கள். எல்லோருக்கும் திறந்திருக்கும் அந்த மாதிரிப் பொதுக் கோடுக்கு நான் எதுவும் எழுதியதில்லை, இல்லை என்றேன். அதுவரை நன்றாகப் போன பேச்சு அதோடு சுருதி இறங்கிவிட்டது. யூடியூபைத் திறந்தால் ஆளாளுக்கு முப்பது நாளில் ஓப்பன் சோர்ஸ் கற்றுத்தருகிறார்கள். லிங்க்ட்இன்னில் பாதிப் பேர், கோட் பகிரும் தளமான கிட்ஹப்பில் தினமும் ஏதாவது ஏற்றினால் பச்சையாகும் கட்டத்தைப் படம் பிடித்துப் போடுகிறார்கள்.

உண்மையிலேயே இதைப் பார்த்து யாராவது வேலை கொடுக்கிறார்களா? கொடுக்கிறார்கள் என்றால் எங்கிருந்து தொடங்குவது? ப்ராஜெக்டின் அறிமுகக் குறிப்பான ரீட்மீயில் எழுத்துப்பிழை திருத்திப் பேர் வாங்க மனசு வரவில்லை. வீட்டில் கைக்குழந்தை, சனி ஞாயிறை முழுசாகக் கொடுக்கவும் முடியாது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பச்சைப்பட்டாணி

என் கட்டம் முழுக்கப் பச்சைதான் ப்ரோ. தினமும் தானாகவே ஒரு கமிட் (கோட் மாற்றப் பதிவு) போடும் ஸ்கிரிப்டை எழுதி க்ரானில் விட்டிருக்கிறேன். இதுவரை ஒரு ஹெச்ஆரும் கேட்டதில்லை, ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. எனக்குச் சம்பளம் ஏறியது லீட்கோட் தளத்தில் இன்டர்வியூப் புதிர்கள் போட்டதால். இருக்கிற நேரத்தை அதில் போடுங்கள்.

பழைய_பெர்ல்

பட்டாணி சொல்வதில் பாதி சரி. நான் பெங்களூரில் ஒரு சிப் கம்பெனியின் லினக்ஸ் ட்ரைவர் டீமுக்கு ஆள் எடுக்கிறவன். மேஜையின் அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கம்பெனிகளில் இரண்டு ரகம் உண்டு. முதல் ரகம் ஓப்பன் சோர்ஸைப் பயன்படுத்துகிறவர்கள். இன்றைக்கு அது எல்லோரும்தான், உங்கள் தெருமுனை டெலிவரி ஆப் உட்பட. இவர்களுக்கு உங்கள் கிட்ஹப் ஒரு அலங்காரம். இருந்தால் இரண்டு நிமிஷம் பேசுவார்கள், இல்லையென்றால் நேராகக் கோடிங் ரவுண்டுக்குப் போய்விடுவார்கள். இங்கே பட்டாணியின் கணக்குதான் செல்லும்.

இரண்டாவது ரகத்துக்கு, ஏதோ ஒரு ப்ராஜெக்டின் மூலத்திலேயே ஒரு மாற்றம் நடந்தாக வேண்டும். அப்ஸ்ட்ரீம் என்கிறோமே, அதில். எங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். புது சிப் ஒன்று வெளிவருகிறது. அதன் ட்ரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் போகவில்லை என்றால், ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு முறை வரும் ஒவ்வொரு கெர்னல் வெளியீட்டுக்கும் எங்கள் ஆட்களே உட்கார்ந்து ஒட்டுப்போட்டுக்கொண்டிருக்க வேண்டும். உள்ளே போய்விட்டால் அந்தச் சுமையில் பெரும்பகுதி குறைந்துவிடும். கெர்னலுக்கு வரும் மாற்றங்களில் மிகப் பெரும்பகுதி சம்பளம் வாங்குகிறவர்களுடையதாக இருப்பதற்குக் காரணம் இதுதான். இன்டெல், ரெட் ஹேட், கூகுள், ஏஎம்டி, லினாரோ என்று போகும் அந்தப் பட்டியல். ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஆசைக்கு எழுதும் ஆர்வலர் என்ற சித்திரம் 1991க்குப் பொருந்தும். இன்றைய கெர்னலுக்குப் பொருந்தாது. ஸ்பெயினில் இகாலியா என்று ஒரு நிறுவனம் இருக்கிறது, வேலை செய்கிறவர்களே அதற்கு உரிமையாளர்கள். பிரவுசர் எஞ்சின்களிலும் கெர்னலிலும் மற்ற கம்பெனிகளுக்காக அப்ஸ்ட்ரீம் வேலை செய்துகொடுப்பதே அவர்கள் தொழில்.

இந்த இரண்டாம் ரகம் எதற்கு அவ்வளவு சம்பளம் கொடுக்கிறது? உங்கள் பெயரில் ஒரு பேட்ச் (திருத்தக் கோட்) வந்தால், ப்ராஜெக்டைப் பராமரிக்கும் மெயின்டெய்னர் அதைப் பிரித்துப் பார்ப்பார் என்பதற்கு. அந்த மதிப்பைக் கம்பெனியால் கடையில் வாங்க முடியாது. ஆளோடு சேர்த்துத்தான் வாங்க முடியும்.

நான் கேண்டிடேட்டின் கிட்ஹப் முகப்பைத் திறப்பதே இல்லை. மெயிலிங் லிஸ்ட் ஆவணத்தில் பெயரைத் தேடி, ஒரே பேட்சின் முதல், இரண்டாம், மூன்றாம் வடிவங்களை வரிசையாகத் திறப்பேன். சமீபத்தில் எடுத்த ஒரு பெண்ணின் முதல் வடிவத்தில், லாக்கை எடுத்த பிறகு எரர் வந்தால் லாக்கை விடாமலே திரும்பிவிடும் ஒரு பாதை இருந்தது. மெயின்டெய்னர் ஒரே வரியில் சுள்ளென்று எழுதியிருந்தார். இரண்டாம் வடிவத்தில் அவர் அதைச் சரிசெய்ததோடு, அதே ஃபைலில் பழைய ஆட்கள் விட்டுவைத்த அதே மாதிரி இன்னொரு ஓட்டையையும் கண்டுபிடித்திருந்தார். அதைத் தனிப் பேட்சாகப் பிரித்து, எந்தக் கமிட்டில் அந்தப் பிழை உள்ளே நுழைந்தது என்று "ஃபிக்ஸஸ்" வரியும் போட்டிருந்தார். அதற்குக் கீழே அந்த மெயின்டெய்னரிடமிருந்து வந்தது "அப்ளைட், தேங்க்ஸ்" மட்டும். அதைப் படித்த பிறகு எனக்கு இன்டர்வியூவில் கேட்க அதிகம் இல்லை.

எனவே மெட்டுக்குளம் தம்பி, முதலில் எந்த ரகக் கம்பெனிக்குப் போக ஆசை என்று முடிவு செய்யுங்கள். எங்கிருந்து தொடங்குவது என்பது அதைப் பொறுத்தது.

விழுப்புரத்தான்

பெர்ல் அண்ணன் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் வேலைக்காக மட்டும் வருகிற கூட்டம் என்ன செய்துவைத்திருக்கிறது என்பதையும் யாராவது சொல்ல வேண்டும்.

2020 அக்டோபரில் ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற ஓப்பன் சோர்ஸ் விழா நடந்தபோது நான்கு பிஆர் (கோட் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) போட்டால் டீ-ஷர்ட் என்றார்கள். ரீட்மீயில் "அமேசிங் ப்ராஜெக்ட்" என்று ஒரு வார்த்தை சேர்க்கும் பிஆர்கள் உலகம் முழுக்க மெயின்டெய்னர்கள் தலையில் கொட்டின. அதில் நம் நாட்டுப் பங்கு பெரிது. கடைசியில் அதை நடத்திய டிஜிட்டல்ஓஷன், சம்மதித்த ரெப்போக்கள் (ப்ராஜெக்டின் கோட் இருக்கும் இடங்கள்) மட்டும்தான் சேரும் என்று விதியையே மாற்ற வேண்டி வந்தது. அது முடிந்தது என்று பார்த்தால், எக்ஸ்பிரஸ் ஜேஎஸ் ரெப்போவில் அடுத்த வெள்ளம். பிஆர் போடுவது எப்படி என்று காட்ட ஒரு இந்திய யூடியூப் பாடம் அந்த ரெப்போவை உதாரணமாக எடுத்தது. பார்த்த மாணவர்கள் ரீட்மீயில் தங்கள் பெயரைச் சேர்த்து வரிசையாக அனுப்பினார்கள். தங்கள் சொந்த ஃபோர்க்கில் (தனிப் பிரதியில்) செய்துபார்க்க வேண்டியதை, உலகம் முழுக்க ஓடும் ஒரு ஃப்ரேம்வொர்க்கின் வாசலில் போய்ச் செய்தார்கள். இதனால் ஒழுங்காகப் பங்களிக்கும் இந்தியப் பெயரையும் சிலர் ஒரு கணம் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள்.

எங்கள் ஊர் லினக்ஸ் குழு விஜிஎல்யுஜியாகட்டும், சென்னை லினக்ஸ் குழு ஐஎல்யுஜிசியாகட்டும், தமிழில் கணினி நுட்பம் எழுதும் கணியமாகட்டும், இங்கெல்லாம் யாரும் டீ-ஷர்ட் தருவதில்லை. ஆனால் ஒரு டிப்ளமோ பையன் முதல் தடவை டெர்மினலைத் திறந்து, பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் கேட்டுக் கேட்டு, கோட் மாற்றங்களைப் பதியும் கிட் கருவியைக் கற்றுக்கொள்வதை அங்கே பார்க்கலாம். தமிழிலேயே கேட்கலாம். மெட்டுக்குளம், சென்னையில்தானே இருக்கிறீர்கள், ஒரு கூட்டத்துக்கு வந்து பாருங்கள்.

பச்சைப்பட்டாணி

> தங்கள் பெயரைச் சேர்த்து வரிசையாக அனுப்பினார்கள்

என் காலேஜ் ஜூனியர்கள் ரெண்டு பேர் அதில் இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன்.

செவ்வந்தி

வேலை தேடுகிறவர்கள் பேசியாயிற்று, வேலை கொடுக்கிறவர் பேசியாயிற்று. இலவசமாக வேலை செய்கிறவர்கள் சார்பில் நான் பேசுகிறேன்.

ஒரு சின்ன பைத்தான் லைப்ரரி என் பராமரிப்பில் இருக்கிறது. தேதிகளை அலசித் தரும் சாதாரண வேலை. ஒரு நாள் ஒரு தனியார் வங்கியின் வெண்டரிடமிருந்து மெயில். "உங்கள் மென்பொருளில் எங்கள் ஸ்கேனர் ஒரு குறையைக் கண்டுள்ளது. 48 மணி நேரத்துக்குள் சரிசெய்து, சரிசெய்ததற்கான சான்றிதழைக் கையொப்பமிட்டு அனுப்பவும்." சிசியில் பதினைந்து பேர். அந்த வங்கி எனக்கு ஒரு டீ கூட வாங்கிக்கொடுத்ததில்லை. ஸ்கேனர் சொன்ன குறையும் என் கோடில் இல்லை, டெஸ்டுக்கு மட்டும் வரும் ஒரு டிபென்டன்சியில் இருந்தது.

இது எனக்கு மட்டும் நடப்பதில்லை. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா லைப்ரரியின் ஓட்டை பூதமாகக் கிளம்பியது. அடுத்த மாதம் அமெரிக்காவின் ஒரு மிகப் பெரிய கம்பெனி, இணையத்தில் தகவலை எடுத்து அனுப்பும் கர்ல் கருவியை எழுதிய டேனியல் ஸ்டென்பெர்க்குக்கு மெயில் அனுப்பியது. 24 மணி நேரத்துக்குள் பதில் வேண்டுமாம். கர்ல் சி மொழியில் எழுதியது, அதில் லாக்4ஜே இருக்க வழியே இல்லை. சப்போர்ட் ஒப்பந்தம் போட்டால் சந்தோஷமாகப் பதில் சொல்கிறேன் என்று அவர் எழுதினார். இன்றைக்கும் நான் அந்தப் பதிலை எடுத்துப் படித்துச் சிரிப்பேன்.

எக்ஸ்இசட் கதை அப்படிச் சிரிக்கிற மாதிரி இல்லை. பெரும்பாலான லினக்ஸ்களில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சுருக்குக் கருவியை லாசெ காலின் என்பவர் கிட்டத்தட்டத் தனி ஆளாகப் பராமரித்துவந்தார். 2022இல், மனநலம் சரியில்லை, இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்று அவர் மெயிலிங் லிஸ்டில் வெளிப்படையாகவே எழுதினார். அதே சமயம் முகம் தெரியாத சில பெயர்கள், ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளைச் சேருங்கள் என்று அவரை நெருக்கின. உதவிக்கு வந்தவர்தான் "ஜியா டான்". இரண்டு வருஷம் பொறுமையாக நல்ல பேட்ச்களை அனுப்பி நம்பிக்கையைச் சம்பாதித்து, 2024இல் 5.6.0, 5.6.1 வெளியீடுகளில் பின்கதவை வைத்தார். மார்ச் 29 அன்று ஆந்த்ரெஸ் ஃப்ராயின்ட் அதை வெளியிட்டார். மைக்ரோசாஃப்டில் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் வேலை பார்க்கிறவர். எஸ்எஸ்ஹெச் லாகின் (தூரத்துச் சர்வருக்குள் நுழைவது) வழக்கத்தைவிட அரை வினாடி தாமதமாகிறதே என்று நோண்டப் போய் மாட்டியது அது.

பெர்ல் சார், நீங்கள் சொன்ன "மெயின்டெய்னர் பிரித்துப் பார்ப்பார்" என்ற அதே நம்பிக்கையைத்தான் ஜியா டானும் சம்பாதித்தார் என்பதைக் கவனியுங்கள்.

2024இல் ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலில் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. பரவலாகப் புழங்கும் ஓப்பன் சோர்ஸை முதலிலிருந்து ஒரு முறை எழுதச் சுமார் 4.15 பில்லியன் டாலர் ஆகும். ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தானே எழுதிக்கொள்வதென்றால் 8.8 டிரில்லியன் ஆகும் என்றது. அந்தப் பெரிய மதிப்பில் 96 சதவீதம் 5 சதவீத டெவலப்பர்களின் கையிலிருந்து வந்தது. அந்த ஐந்து சதவீதத்தில் எத்தனை பேருக்கு மாதச் சம்பளம் வருகிறது என்று யாராவது கேட்கிறார்களா?

பழைய_பெர்ல்

ஜியா டான் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி மேடம், அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அதைக் கண்டுபிடித்தவர் போஸ்ட்கிரஸ் செய்யச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவர். அரை வினாடி ஏன் போகிறது என்று தோண்டும் பழக்கமும், தோண்ட நேரமும் அவருக்கு இருந்தன.

பணம் பற்றி. 2014இல் ஹார்ட்ப்ளீட் ஓட்டை வெளிவந்தபோதுதான், இணையத் தகவலைப் பூட்டி அனுப்பும் ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு வருஷத்துக்கு 2000 டாலர் அளவில்தான் நன்கொடை வந்தது, முழுநேர ஆள் ஒருவர்தான் என்பது வெளியே தெரிந்தது. அதன் பிறகுதான் பெரிய கம்பெனிகள் லினக்ஸ் ஃபவுண்டேஷன் வழியாகக் காசு போட்டன. வீடு எரிந்தால்தான் வாளியைத் தேடுவோம். நம் நாட்டில் 2024 அக்டோபரில் பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா, ஃப்ளாஸ் ஃபண்ட் என்று வருஷத்துக்கு பத்து லட்சம் டாலர் ஒதுக்கியது. உலகில் எங்கிருந்தும் விண்ணப்பிக்கலாம். உங்கள் லைப்ரரிக்கு விண்ணப்பித்தீர்களா?

செவ்வந்தி

விண்ணப்பிக்கும் அளவுக்குப் பெரியது இல்லை சார் அது. ஒரு சின்ன ஆணி. கழன்றால் மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் வரும்.

யாழ்_கோப்பி

இலங்கையிலிருந்து எழுதுகிறேன், கொழும்பில் வேலை. உங்கட ஊர்க் கதையைவிட எங்கட கதை கொஞ்சம் வேறு.

இங்கே டபிள்யுஎஸ்ஓ2 என்று ஒரு கம்பனி, 2005இல் தொடங்கியது. நிறுவனர் சஞ்ஜீவ வீரவரண, அப்பாச்சி என்ற ஓப்பன் சோர்ஸ் அமைப்பில் வெப் சர்விசஸ் வேலையில் ஊறியவர். கம்பனியின் பொருள் முழுக்க அப்பாச்சி லைசென்சில் வெளியே இருக்கும், வருமானம் சப்போர்ட்டில். அதனால் அங்கே சேர்ந்த பெடியளுக்கு ஓப்பன் சோர்ஸ் என்பது வேலைக்கு வெளியே செய்கிற விஷயமாக இருக்கவில்லை. காலமை ஒன்பது மணிக்குக் கதிரையில் இருந்து செய்கிற வேலையே அதுதான். அப்பாச்சி கமிட்டர் (நேராகக் கோட் சேர்க்கும் உரிமை உள்ளவர்) ஆவதைக் கம்பனியே விரும்பியது. மொரட்டுவ கெம்பஸ், மாணவர்கள் உதவித்தொகையோடு ஓப்பன் சோர்ஸ் எழுதும் கூகுள் சம்மர் ஆஃப் கோடில் வருஷக்கணக்காக உலகத்திலேயே முதலிடத்தில் நின்றதற்கும் இந்தச் சூழலுக்கும் தொடர்பு இருக்கிறது. சீனியர் ஒருவர் அப்பாச்சியில் இருப்பார், ஜூனியருக்கு எந்த இஷ்யூவை எடுக்கலாம் என்று அவரே கை காட்டுவார்.

2024இல் ஈக்யூடி என்ற முதலீட்டு நிறுவனம் கம்பனியை வாங்கியது. இனி எப்படிப் போகும் என்று பார்ப்போம். ஆனால் அங்கே பழகின ஆட்கள் இண்டைக்கு எத்தனையோ நாட்டில் நல்ல இடங்களில் இருக்கினம். நான் சொல்ல வருவது, தனி ஆளாகச் சனி ஞாயிறில் முட்டி மோதுவதைவிட, அலுவலக நேரத்தில் இதைச் செய்ய விடும் இடத்தைத் தேடுவது லேசு.

மெட்டுக்குளம்

இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் நன்றி.

யாழ்_கோப்பி சொன்னதைப் படித்ததும் ஒன்று உறைத்தது. கிளையன்ட்டின் கிளஸ்டரில் க்யூபர்னெட்டிஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு துணைக்கருவி ஓடுகிறது. பெயர் வேண்டாம், ஆஃபீஸில் யாராவது இதைப் படித்தால் என்னைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கிளவுட் ஏபிஐ "மெதுவாகக் கேள்" என்று 429 திருப்பினால், அந்தக் கருவி காத்திருந்து திரும்பக் கேட்காமல் பேனிக் ஆகி, அது ஓடும் பாட் (பெட்டி) செத்துவிடும். மாதக் கடைசியில் லோடு ஏறும்போது ராத்திரியெல்லாம் அலர்ட். நான்தான் அதை ஃபோர்க் செய்து, ரீட்ரையையும் (திரும்பக் கேட்பது) ஒரு நில் செக்கையும் (மதிப்பு வெறுமையா என்று பார்ப்பது) சேர்த்தேன். இருபது வரி கூட இருக்காது. இப்போது அந்தக் கருவி புது வெர்ஷன் விடும்போதெல்லாம் அந்த இருபது வரியைத் திரும்ப ஒட்டி, இமேஜ் கட்டி, ஸ்கேன் பாஸ் வாங்கி, கிளையன்ட்டிடம் ஒப்புதல் வாங்கி... இதுவே ஒரு தனி டிக்கெட்.

இதை அப்ஸ்ட்ரீமுக்கு அனுப்பலாமா? மேனேஜரிடம் கேட்டால் "கிளையன்ட் கோட், வெளியே போகக் கூடாது" என்கிறார்.

பழைய_பெர்ல்

இதுதான் தம்பி உங்கள் தொடக்கம். புதியவர்களுக்கென்று ஒதுக்கும் "குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ" பட்டியலில் போய்த் தேடாதீர்கள். அங்கே ஒரு இஷ்யூவுக்கு முப்பது பேர் "அசைன் மீ" என்று நிற்பார்கள். நிஜ லோடில் நிஜமாக உடைந்த ஒரு இடத்தை, அலர்ட் வாங்கினவன் கொண்டுவந்து கொடுக்கும்போது மெயின்டெய்னர் அதை வேறு மாதிரி படிப்பார்.

மேனேஜரிடம் "ஓப்பன் சோர்ஸ்" என்ற வார்த்தையையே எடுக்காதீர்கள். ஒவ்வொரு அப்கிரேடுக்கும் இந்த ஃபோர்க் எவ்வளவு மணி நேரம் தின்கிறது என்று, டிக்கெட் பதியும் ஜிராவிலிருந்து எடுத்துக் காட்டுங்கள். அப்ஸ்ட்ரீமில் சேர்ந்துவிட்டால் அந்த டிக்கெட்டே இருக்காது என்று சொல்லுங்கள். அது அவருக்குப் புரியும் பாஷை.

நடுநிசி_டெப்ளாய்

கொஞ்சம் நில்லுங்கள், சட்டத்தை யாரும் தொடவில்லையே.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17(சி). வேலை ஒப்பந்தத்தின் கீழ் வேலையின் பகுதியாக எழுதியதற்கு, வேறு உடன்பாடு இல்லையென்றால், முதலாளிதான் முதல் உரிமையாளர். கணினி நிரல் அந்தச் சட்டத்தில் இலக்கியப் படைப்புக் கணக்கில் வருகிறது. ஆகவே மெட்டுக்குளத்தின் இருபது வரி அவருடையது இல்லை. சர்வீஸ் கம்பெனி என்பதால் கிளையன்ட் ஒப்பந்தத்தில் உரிமை கிளையன்ட்டுக்கு எழுதிக்கொடுக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். மேனேஜர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

சொந்த நேரத்தில் சொந்த லேப்டாப்பில் எழுதினால் என்ன? கலிஃபோர்னியாவில் தொழிலாளர் சட்டம் 2870ஆம் பிரிவு இதற்கென்றே பாதுகாப்புத் தருகிறது, அதற்கும் விதிவிலக்குகள் உண்டு. இங்கே அப்படி ஒரு பிரிவு கிடையாது. ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போட்டது என்னவோ அதுதான். எத்தனை பேர் அந்த ஐபி (அறிவுசார் சொத்து) பத்தியைப் படித்திருக்கிறோம்? "பணிக்காலத்தில் உருவாக்கும் அனைத்தும்" என்று இருந்தால், ராத்திரி எழுதும் ஹாபி ப்ராஜெக்டையும் அதற்குள் இழுத்துவர ஒரு வக்கீல் முயல முடியும். சேரும்போதே பேசி, என்னுடைய இன்ன ப்ராஜெக்ட் இதில் சேராது என்று ஒரு அட்டவணை சேர்த்துவிடுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் ஹெச்ஆர் ஒரு மாதிரி பார்ப்பார்.

மெட்டுக்குளம் செய்ய வேண்டியது, கிளையன்ட் பக்கத்து ஆர்க்கிடெக்ட் வழியாகப் போவது. ஜெர்மன் இயந்திரக் கம்பெனி என்றீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டம் 2024 டிசம்பரில் அமலுக்கு வந்துவிட்டது, முழுக் கட்டாயம் 2027 டிசம்பரில். டிஜிட்டல் பாகம் உள்ள பொருளைத் தயாரிக்கிறவர், அதில் போட்ட ஓப்பன் சோர்ஸ் பாகத்தில் பாதுகாப்புக் குறை கண்டால் அதைப் பராமரிப்பவரிடம் தெரிவிக்க வேண்டும், திருத்தம் எழுதியிருந்தால் அதையும் பகிர வேண்டும். உங்கள் 429 விஷயம் பாதுகாப்புக் குறையா என்பது வேறு பேச்சு, உள்கிளஸ்டரில் ஓடுவதற்கு இந்தச் சட்டம் பொருந்துமா என்பதும் வேறு பேச்சு. ஆனால் அந்தக் கம்பெனியின் லீகல் ஆட்கள் இந்தத் திசையில் ஏற்கெனவே யோசித்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் மேனேஜரைவிட அவர்கள் சீக்கிரம் சரி சொல்ல வாய்ப்புண்டு.

பச்சைப்பட்டாணி

இருபது வரிக்கு இவ்வளவு சட்டமா. ஏஐயிடம் கேட்டால் வேறு மாதிரி எழுதித் தந்துவிடும், அதைச் சொந்த அக்கவுண்டில் அனுப்பிவிட வேண்டியதுதானே?

செவ்வந்தி

அப்படி அனுப்புகிறவர்களால்தான் பட்டாணி, கர்ல் தன் பக் பவுண்டியையே நிறுத்தியது. 2019இலிருந்து குறை கண்டுபிடித்தால் பணம் கொடுத்தார்கள். கடைசியில் வந்தவற்றில் ஏகப்பட்டவை ஏஐ கற்பனை. இல்லாத ஃபங்ஷனில் ஓவர்ஃப்ளோ இருப்பதாக அழகான ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக. ஒவ்வொன்றையும் படித்துப் பொய் என்று நிரூபிக்க ஒரு மனுஷனின் நேரம் போகிறது. 2026 ஜனவரியோடு கதவைச் சாத்திவிட்டார்கள்.

எனக்கும் வருகிறது. "ஏன் இந்த வரியை மாற்றினீர்கள்?" என்று கேட்டால், என் கேள்வியையே அப்படியே ஏஐக்கு ஒட்டி, "சிறந்த கேள்வி!" என்று தொடங்கும் பதிலை அனுப்புகிறார்கள். நான் அந்தப் பிஆரை மூடிவிடுவேன். ஏஐ உதவியோடு எழுதுவது எனக்குப் பிரச்சினை இல்லை. கேட்டால் சொந்த வாயால் பதில் வர வேண்டும்.

விழுப்புரத்தான்

அக்கா சொன்னதற்கு ஒரு பின்குறிப்பு. கிட்ஹப் கணக்கு சொந்தமா கம்பெனியுடையதா என்பது முக்கியமில்லை பட்டாணி. அந்தக் கோடின் உரிமை யாருடையது என்பதுதான் கேள்வி. நாளைக்குப் பிரச்சினை வந்தால் ப்ராஜெக்டையும் சேர்த்து இழுத்துவிடுவீர்கள்.

யாழ்_கோப்பி

லைசென்ஸ் பற்றியும் ஒரு சொல். கம்பனி தனியாக நடத்துகிற ஓப்பன் சோர்ஸை நம்பி முழு வாழ்க்கையையும் கட்டாதேயுங்கோ. 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் டெராஃபார்மின் லைசென்சை இறுக்கமாக மாற்றினதும் ஓப்பன்டோஃபு என்ற ஃபோர்க் பிறந்தது. 2024 மார்ச்சில் ரெடிஸ் மாற்றினதும் வால்கீ பிறந்தது, ரெடிஸ் திரும்ப 2025இல் ஏஜிபிஎல் என்ற ஓப்பன் சோர்ஸ் லைசென்சுக்கு வந்தது. எலாஸ்டிக்கும் 2021இல் போய் 2024இல் அதே மாதிரி வந்தது. வெளியிலிருந்து கோட் கொடுத்த ஆட்களிடம் யாரும் கேட்கவில்லை. சிலதில் சிஎல்ஏ என்ற பங்களிப்பு ஒப்பந்தத்தில் முன்னமே கையெழுத்து வாங்கியாயிற்று, ரெடிஸில் பழைய லைசென்சே அதற்கு இடம் விட்டது. பல கம்பனிகள் சேர்ந்து நடத்துகிற ஃபவுண்டேஷன் ப்ராஜெக்டில் இந்தப் பயம் குறைவு.

நடுநிசி_டெப்ளாய்

குறைவுதான், ஆனால் ஃபவுண்டேஷனில் இருந்தாலும் ஆள் இல்லாமல் சாகலாம். இங்ரெஸ் என்ஜிஎன்எக்ஸைப் பாருங்கள். வெளியிலிருந்து வரும் ட்ராஃபிக்கைக் கிளஸ்டருக்குள் அனுப்பும் கருவி, க்யூபர்னெட்டிஸின் சொந்தப் பிள்ளை, எங்கே பார்த்தாலும் ஓடிக்கொண்டிருந்தது. பல வருஷமாக ஓரிருவர் தங்கள் ஓய்வு நேரத்தில் இழுத்துக்கொண்டு போனார்கள். 2025 மார்ச்சில் பெரிய பாதுகாப்பு ஓட்டை ஒன்று, நவம்பரில் "2026 மார்ச்சோடு ஓய்வு" என்று அறிவிப்பு. என் டீம் அதற்கப்புறம் அதற்கு மாற்றான கேட்வே ஏபிஐக்கு மாறுவதற்கே ஒரு காலாண்டைச் செலவழித்தது. அந்தக் கருவிக்கு ஒரே ஒரு ஆளை அரை நேரத்துக்கு விட்டிருந்தால் அதைவிட மலிவாக முடிந்திருக்கும் என்று எங்கள் டைரக்டரிடம் சொன்னேன். தலையாட்டினார், அவ்வளவுதான்.

வேலை தேடுகிறவர்களுக்கு இதில் ஒரு விஷயம் இருக்கிறது. எல்லோரும் பயன்படுத்தி, ஓரிருவர் மட்டும் தாங்கும் இப்படிப்பட்ட கருவிகளில் ரிவ்யூ செய்ய ஆள் இல்லை. கோட் எழுத வருபவர் நிறைய. அடுத்தவர் பிஆரை இழுத்து ஓட்டிப் பார்த்து, "என் கிளஸ்டரில் இன்ன வெர்ஷனில் இப்படி நடந்தது" என்று எழுதுகிறவர் அபூர்வம். க்யூபர்னெட்டிஸில் உறுப்பினராக வேண்டும் என்றால் ஏற்கெனவே ரிவ்யூவர் ஆனவர்கள் இருவர் உங்களுக்காகச் சிபாரிசு செய்ய வேண்டும், அதுவும் வெவ்வேறு கம்பெனிக்காரர்கள். அந்த இருவருக்கும் உங்கள் பெயர் தெரிய வேண்டும் என்றால் ரிவ்யூதான் குறுக்கு வழி. குழந்தை தூங்கிய பிறகு அரை மணி நேரம் போதும் அதற்கு.

மெட்டுக்குளம்

நடுநிசி சொன்னபடி கிளையன்ட் பக்கத்து ஆர்க்கிடெக்டிடம் பேசினேன். ஆச்சரியம், மறுநாளே "எங்கள் லீகலுக்கு ஆட்சேபம் இல்லை, உங்கள் கம்பெனி பெயரில் அனுப்புங்கள்" என்று மெயில். அதைக் காட்டியதும் எங்கள் மேனேஜர் கொஞ்சம் இறங்கிவந்தார். இங்கே லீகலும் எழுத்தில் சரி சொல்லிவிட்டது.

பிஆர் போட்டுவிட்டேன். இப்போது "சிஎன்சிஎஃப் சிஎல்ஏ: நோ" என்று ஒரு லேபிள் (சிஎன்சிஎஃப் என்பது க்யூபர்னெட்டிஸ் இருக்கும் ஃபவுண்டேஷன்), "நீட்ஸ் ஓகே டு டெஸ்ட்" என்று இன்னொன்று. பயமாக இருக்கிறது. மெயின்டெய்னருக்கு மெயில் போட்டு நினைவுபடுத்தலாமா?

பழைய_பெர்ல்

வாழ்த்துகள் தம்பி. மெயில் வேண்டாம். அதிலும் ஆஃபீஸ் மெயிலிலிருந்து வேண்டவே வேண்டாம். நம் கம்பெனிகள் ஒவ்வொரு மெயிலின் வாலிலும் "இது ரகசியமானது, தவறிப் பெற்றிருந்தால் அழித்துவிடவும்" என்று ஒட்டுமே, கெர்னல் பக்கம் அப்படி வந்தால் உண்மையிலேயே அழித்துவிட்டேன் என்று பதில் வரும்.

நடுநிசி_டெப்ளாய்

"ஓகே டு டெஸ்ட்" லேபிளுக்குப் பயப்படாதீர்கள், புதியவர் யார் அனுப்பினாலும் அது வரும். உறுப்பினர் ஒருவர் பார்த்து ஒரு வரி கமென்ட் போட்டால் டெஸ்டுகள் ஓடத் தொடங்கும். ஒரு வாரம் வரை சும்மா இருங்கள். அப்புறமும் அசையவில்லை என்றால் அந்தக் குழுவின் ஸ்லாக் சேனலில் பிஆர் இணைப்பைப் போட்டு மரியாதையாகக் கேளுங்கள்.

சிஎல்ஏ மட்டும் நீங்கள் கவனிக்க வேண்டும். தனிநபர் என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். கோடின் உரிமை கம்பெனியுடையது என்பதால் கம்பெனி சிஎல்ஏதான் சரி. இந்தக் கையெழுத்துகளைப் பதியும் ஈசிசிஎல்ஏ தளத்தில் உங்கள் கம்பெனியைத் தேடிப் பாருங்கள். பெரிய சர்வீஸ் கம்பெனி என்றால் ஏற்கெனவே கையெழுத்தாகியிருக்கலாம், உங்கள் ஆஃபீஸில் யாருக்கும் தெரியாமல் இருக்கும். அப்படியென்றால் சிஎல்ஏ மேனேஜர் என்று ஒருவர் பெயர் பதிவாகியிருக்கும். உங்கள் ஆஃபீஸ் மெயில் ஐடியை ஒப்புதல் பட்டியலில் சேர்க்கச் சொல்லி அவருக்கு அங்கிருந்தே கோரிக்கை அனுப்பலாம். கமிட்டில் இருக்கும் மெயிலும் அதே ஐடியாக இருக்க வேண்டும். சொந்த ஜிமெயிலில் கமிட் செய்திருந்தால் அமெண்ட் செய்து ஃபோர்ஸ் புஷ் செய்யுங்கள்.

மெட்டுக்குளம்

ஜிமெயிலில்தான் இருக்கிறது. மாற்றுகிறேன். கம்பெனி பெயர் ஈசிசிஎல்ஏவில் இருக்கிறது, மேனேஜர் என்று போட்டிருப்பவர் எங்கள் புனே ஆஃபீஸ் ஆள். டீம்ஸில் தேடினேன், பச்சைப் புள்ளி எரிகிறது. பிங் பண்ணியிருக்கிறேன்.